உக்கிராணக்காரரே, கணக்கு எங்கே?

1/
இழை கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க. தசமபாகம், விதைக் காணிக்கை, கட்டட நிதி, சபைக் கணக்கு, எல்லாத்தையும் பேசப் போறேன். நான் போதகர் இல்லை. இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை. விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டார மக்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் பணம் போடுகிறவன். இந்தத் தலைப்பில் பேச இந்த ரெண்டு தகுதி போதும்.

2/
முதலிலேயே சொல்லிடறேன். நம்ம சபைகளில் கொடுப்பதைப் பற்றி மாதத்துக்கு ஒரு பிரசங்கமாவது இருக்கு. கொடுத்த பணம் எங்கே போச்சு என்பதைப் பற்றி வருஷத்துக்கு ஒரு பிரசங்கம்கூட இல்லை. கொடுக்கிறவர் தன் வீட்டுக் கணக்கைப் பார்ப்பதில்லை. வாங்குகிறவர் சபைக் கணக்கைக் காட்டுவதில்லை. இந்த ரெண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர் நோயாளி. அவரைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

3/
தமிழ் வேதாகமத்தில் அருமையான ஒரு வார்த்தை இருக்கு: உக்கிராணக்காரன். கல்யாண வீட்டில் உக்கிராண அறை பார்த்திருப்பீங்க. அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் அடுக்கி, பொறுப்பான ஒரு பெரியவர் கையில் சாவியைக் கொடுப்பாங்க. அந்த அரிசி அவருடையது இல்லை. அதைப் பூட்டி வைத்துவிட்டுப் பந்தியைப் பட்டினி போட்டால் அவரைத் திட்டுவாங்க. பின்பக்கமா தன் வீட்டுக்கு மூட்டை அனுப்பினாலும் திட்டுவாங்க. பந்தி முடிஞ்சதும் கணக்குச் சொல்லணும். அவ்வளவுதான் அவர் வேலை.

4/
லூக்கா 16ஆம் அதிகாரத்தில் வருகிற உக்கிராணக்காரனிடம் எஜமான் முதலில் கேட்பதே கணக்கைத்தான். எவ்வளவு பக்தியா இருந்தே, எத்தனை நாள் உபவாசம் இருந்தேன்னு கேட்கலை. இந்த வார்த்தையை வைத்துப் பார்த்தால், 10 சதவீதம் கடவுளுக்கு, 90 சதவீதம் எனக்கு என்ற கணக்கே தப்பு. நூறும் அவருடையது. நம்மிடம் இருப்பது சாவி மட்டும்.

5/
இப்போ நடப்பைப் பார்ப்போம். சர்க்கரை நோயில் கால் புண் முற்றி வருகிற ஒரு அம்மா. கூலி வேலை. காதில் ஈர்க்குச்சி. "தோடு எங்கேம்மா, அடகா?" என்று கேட்டால், "இல்ல சார், விதை போட்டேன்." டிவியில் வந்த ஊழியக்காரர் ஒருவர் சொன்னாராம், கையில் இருக்கிற கடைசிப் பொருளை விதைத்தால் நூறு மடங்காகத் திரும்பும், வியாதியும் போகும் என்று. தோடு போச்சு. கட்டு மாத்த வர பஸ் காசு இல்லாமல் பத்து நாள் வரலை. பத்து நாளில் ரெண்டு விரல் போச்சு.

6/
இது ஒரே ஒரு அம்மாவின் கதை இல்லைன்னு என் ஊரில் பிராக்டிஸ் பண்ணுகிற எந்த டாக்டரும் சொல்லுவார். பெயர் மாறும், பொருள் மாறும். தோடு, கறவை மாடு, மகளிர் குழுக் கடன், மகன் சென்னையிலிருந்து அனுப்பிய பணம்.

7/
"ஏழை விதவையின் இரண்டு காசை இயேசுவே புகழ்ந்தாரே டாக்டர்?" என்று உடனே வருவீங்க. சரி. மாற்கு 12ஆம் அதிகாரத்தைத் திறங்க. விதவையின் காசுக்கு நேர் முந்தின வசனத்தை வாசிங்க. நீண்ட ஜெபம் பண்ணிக்கொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை அவர் கண்டிக்கிறார். அடுத்த காட்சியில் கையில் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டு ஒரு விதவை வெறுங்கையோடு போகிறாள். அந்தப் பெட்டியை வைத்திருந்த ஆலயம் கல்லின் மேல் கல் இல்லாமல் இடியும் என்று அடுத்த அதிகாரத் தொடக்கத்திலேயே சொல்கிறார். மூன்றையும் சேர்த்து வாசிங்க. விதவையைப் புகழ்ந்தது உண்மை. பெட்டி வைத்தவர்களைப் புகழவில்லை.

8/
கொடுத்தால் திரும்ப வரும் என்பதற்காகக் கொடுப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கு. வட்டிக்கு விடுவது. சீட்டுக் கம்பெனிக்காரன் பத்து மடங்கு தருகிறேன் என்று சொன்னால் போலீசில் புகார் கொடுக்கிறோம். அதையே நூறு மடங்கு என்று மேடையில் சொன்னால் அல்லேலூயா சொல்கிறோம்.

9/
அடுத்தது மல்கியா 3:10. தசமபாகம் என்றாலே இந்த வசனம்தான். தசமபாகம் கொடுக்காதவன் கடவுளையே வஞ்சிக்கிறான் என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதற்கு ஐந்து வசனம் முன்னால், அதாவது 3:5இல் யாரைக் கடவுள் நியாயம் கேட்கப் போகிறார் என்று பட்டியல் இருக்கு. கூலிக்காரனின் கூலியில் கை வைக்கிறவன், விதவையையும் அநாதையையும் ஒடுக்குகிறவன், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவன். இந்த ஐந்தாம் வசனத்தை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கீங்க? நான் விரல் விட்டு எண்ணலாம். ஒரு கை போதும்.

10/
அந்தத் தசமபாகம் எதற்கு? அந்த வசனமே சொல்லுது: பண்டசாலையில் ஆகாரம் இருக்கணும் என்பதற்கு. உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்கள் இன்னும் தெளிவு. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் எங்கேயும் போகக் கூடாது. உன் ஊர் வாசலுக்குள்ளேயே இருக்கணும். லேவியனும், பரதேசியும், திக்கற்ற பிள்ளையும், விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடணும்.

11/
ஊர் வாசலுக்குள். இந்த வார்த்தையை ஞாபகம் வைங்க, கடைசியில் திரும்ப வரேன். தசமபாகச் சட்டத்தைப் பிடிப்போம், ஆனால் அதில் ஏழைக்கு எழுதி வைத்த பாகத்தை விட்டுவிடுவோம் என்றால், அதற்குப் பெயர் வேதத்தின்படி நடப்பதா? ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டில் பாதி மருந்தை மட்டும் வாங்கிப் போடுகிற கதை. வியாதி போகாது.

12/
இன்னொரு ரகம் உண்டு. இவர் வசதியானவர். ஆலயத்துக்குப் புது மைக் செட் இவர் அன்பளிப்பு. ஃபேன் இறக்கையில் இவர் பெயர். கோயில் டியூப் லைட்டில் "உபயம்" என்று பெரிசா எழுதி வெளிச்சமே வராமல் பண்ணுவாங்கன்னு கிண்டல் பண்ணுவோமே, நம்ம பெஞ்சுகளின் முதுகையும் கொஞ்சம் பாருங்க. இவருடைய அம்மா எங்கே? அரசு மருத்துவமனையில், துணைக்கு ஆள் இல்லாமல், பக்கத்துக் கட்டிலுக்காரர் வாங்கித் தரும் டீயைக் குடித்துக்கொண்டு.

13/
இதற்கும் வேதத்தில் பெயர் இருக்கு: கொர்பான். மாற்கு 7. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் "சாமிக்கு நேர்ந்துவிட்டேன்" என்று சொல்லித் தப்பிக்கிற பழக்கம். இயேசு இதைப் பக்தி என்று ஏற்றுக்கொள்ளவே இல்லை. தேவ கட்டளையையே வெறுமையாக்குகிற வேலை என்றார். அப்பா அம்மாவின் மருந்தை நிறுத்திவிட்டு வருகிற காணிக்கையைத் திருப்பிக் கொடுக்கிற தைரியம் எத்தனை சபைக்கு இருக்கு?

14/
எந்தப் பணத்தை வாங்கக் கூடாது என்பதையும் பேசணும். மீட்டர் வட்டிக்கு விட்டு ஊரை அடிக்கிறவர் தசமபாகம் கொடுத்தால் வாங்கலாமா? 2003இலேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. சட்டம் குற்றம் என்கிற வருமானத்தைப் பீடம் பரிசுத்தம் என்று வாங்கிக்கொள்கிறது.

15/
என் சொந்தத் தொழிலையும் விடப் போவதில்லை. தேவையில்லாத ஸ்கேனுக்கு எழுதி, சென்டரிலிருந்து வருகிற கமிஷனில் பத்து சதவீதம் காணிக்கை போடுகிற கிறிஸ்தவ டாக்டர்களே, அது கொடை இல்லை, பங்கு பிரிப்பது. சகேயு வீட்டில் இரட்சிப்பு வந்தது எப்போது? பாதி சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அவன் வாயைத் திறந்த பிறகு. யாரிடம் பிடுங்கினானோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்தான்.

16/
யூதாஸ் தூக்கி எறிந்த முப்பது வெள்ளிக்காசை, அவனை விலைக்கு வாங்கிய அதே பிரதான ஆசாரியர்கள்கூடக் காணிக்கைப் பெட்டியில் போடலை. இரத்தக்கிரயம், பெட்டிக்கு ஆகாது என்றார்கள். அந்தப் பணத்தில் பரதேசிகளைப் புதைக்க நிலம் வாங்கினார்கள். அவங்களுக்கு இருந்த அந்தக் குறைந்தபட்சக் கூச்சம்கூட இன்றைக்கு நம்ம பொருளாளர்களுக்கு இல்லை என்றால் என்ன சொல்வது?

17/
சரி, குறை மட்டும் சொல்லாதீங்க, நல்ல கொடை எப்படி இருக்கும் என்று கேட்பீங்க. அதற்கு வெளியே எங்கேயும் போக வேண்டாம். திண்டிவனம் போதும்.

18/
1890. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் இருந்தார். ராணிப்பேட்டையில் பிறந்த அவர் மகள் ஐடா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். வயது இருபதுகூட ஆகலை. இங்கேயே தங்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூன்று பேரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். ஆண் டாக்டர் தொடக் கூடாது, நீ வா என்றார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

19/
இந்தக் கதை நம்ம ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். ஐடா மருத்துவம் படிக்கப் போனார், 1899இல் கார்னெல்லில் பட்டம், 1900இல் வேலூர், அங்கிருந்து சிஎம்சி. தியாகம், அழைப்பு, அர்ப்பணிப்பு என்று பிரசங்கம் முடியும். அந்தக் கதையில் ஒரு பாதியை நாம் விட்டுவிடுகிறோம். பணப் பாதியை.

20/
பட்டம் கையில் வந்ததும் ஆஸ்பத்திரி முளைக்கலை. ஐடா நியூயார்க்கில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் கேட்டார். ஷெல் என்கிற வயதான ஒரு வங்கியாளர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை 40 படுக்கைகளோடு நின்றது.

21/
இதில் மூன்று விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, கொடுத்தவர் திண்டிவனத்தைப் பார்த்ததில்லை. அந்த மூன்று வீட்டுப் பெண்களும் அவர் மதம் இல்லை, அவர் இனம் இல்லை. ரெண்டு, அவருக்கு இதில் எந்த "அறுவடை"யும் கிடைக்கலை. மூன்று, மருத்துவமனைக்கென்று கொடுத்த பணம் சில வருஷத்திலேயே கட்டிலும் கூரையுமாகக் கண் முன்னால் நின்றது. அதுதான் கணக்கு. நம்ம ஊரில் கட்டட நிதி வசூல் ஆரம்பித்தபோது பிறந்த பிள்ளை ப்ளஸ் டூ முடிச்சும் தூண்மட்டும் நிற்கிற இடங்கள் உண்டு.

22/
பணக்காரர் ஒருவர் கொடுத்த கதை மட்டும் இல்லை இது. 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. வளர்க்கப் பணம் வேணும். வேலூர் உட்பட ஆசியாவின் பெண்கள் கல்லூரிகளுக்காக, நீங்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால் நாங்கள் பத்து லட்சம் தருகிறோம் என்று ராக்ஃபெல்லர் நிதியம் நிபந்தனை போட்டது. அமெரிக்க சபைகளின் பெண்கள் 1920களின் தொடக்கத்தில் அதைத் திரட்டிக் காட்டினார்கள். சின்னச் சின்னக் காசு நிறைய சேர்ந்த பணம் அது.

23/
"அதெல்லாம் வெள்ளைக்காரன் பணம் டாக்டர், நாம ஏழை சபை." இந்தச் சாக்கை வி.எஸ்.அசரியா நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உடைச்சுட்டார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்று சொல்லி இந்திய மிஷனரிச் சங்கம் தொடங்கியதில் முன்நின்றவர். ஏழைச் சபைகளைக் கொடுக்கப் பழக்கினார். கொடுத்தலைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார்.

24/
மிசோரத்தில் 1910 முதல் பிடி அரிசிப் பழக்கம் இருக்கு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். பெண்கள் வீடு வீடாகச் சேகரித்து விற்றுப் பணமாக்குவார்கள். இன்றைக்கு அது கோடிகளில் வரும் வருமானம். வருஷா வருஷம் எவ்வளவு என்று வெளியிடுகிறார்கள். நம்ம ஊர் சபைகளிலும் பிடி அரிசிக் கலயம் இருந்தது. கலயம் போச்சு, க்யூஆர் கோடு வந்தது. கேட்கும் வேகம் மட்டும்தான் கூடியிருக்கு.

25/
இன்னொரு நடைமுறைக் காரணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, வெளியிலிருந்து வரும் பணத்தை நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் தொட முடியாது. ஒருவர் வாங்கி இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. அந்தச் சட்டம் சரியா தப்பா என்பது வேறு விவாதம். ஷெல் மாதிரி ஒருவர் எங்கிருந்தோ செக் அனுப்புவார் என்று காத்திருக்கிற காலம் முடிஞ்சுபோச்சு. இனி ஷெல் நாமதான்.

26/
"அரசாங்கம் எல்லாத்தையும் இலவசமா பார்க்குதே, சபை எதுக்கு?" நல்ல கேள்வி. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முதலமைச்சர் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. அரசின் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஏழையை உண்மையில் தூக்கிப் பிடிக்கிற கை அதுதான்.

27/
ஆனால் அரசு கொடுப்பது சிகிச்சை. சிகிச்சைக்கு வந்து போகிற வழியில் ஒரு குடும்பம் எப்படி உடையுது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டறேன். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக வைப்போம். வாரம் ரெண்டு டயாலிசிஸ், இலவசம். மாதம் எட்டுப் பயணம். துணைக்கு வரும் மகனுக்கு எட்டு நாள் கூலி போச்சு, நாளுக்கு 500 என்றால் 4,000. ரெண்டு பேருக்குப் பஸ், சாப்பாடு நாளுக்கு 200 என்றால் 1,600. இலவச சிகிச்சையின் மாதச் செலவு 5,600 ரூபாய். நோயாளியின் கூலி ஏற்கெனவே நின்றுபோச்சு, அது தனி.

28/
மூணு மாதம் சமாளிப்பாங்க. நாலாம் மாதம் வாரம் ஒன்று ஆகும். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு நடு ராத்திரியில் 108இல் வருவார். நுரையீரல் முழுக்க நீர். ஃபைலில் "சிகிச்சைக்கு ஒழுங்காக வரவில்லை" என்று எழுதுவோம். உண்மையில் எழுத வேண்டியது, "பஸ் காசு இல்லை." அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏ.சி. போட்ட ஆலயம் இருக்கும்.

29/
இந்த ஓட்டையை அரசாணை போட்டு அடைக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரன்தான் அடைக்க முடியும். திண்டிவனத்திலிருந்து ஜிப்மருக்கு ஒரு கார் பயணம், வார்டில் துணைக்கு ஒரு ராத்திரி, துணைக்கு வந்தவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் விட்டதும் ஒரு தட்டு சோறு. உக்கிராணம் என்றால் பணம் மட்டும் இல்லை. ஞாயிறு தவிர ஆறு நாள் வீட்டு வாசலில் நிற்கிற உங்க காரும் உக்கிராணம்தான்.

30/
பணமே இல்லாதவர் கொடுக்கக்கூடிய ஒன்றும் இருக்கு. இரத்தம். 1998 ஜனவரி முதல் இந்தியாவில் இரத்தத்தை விற்கத் தடை. ஒருவர் கொடுத்தால்தான் இன்னொருவருக்கு. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கில் ஒரு பெண் போய்ச் சேர ரெண்டு மணி நேரம் போதும். 1890இல் திண்டிவனத்தில் டாக்டர் பெண் இல்லை என்பதுதான் பிரச்சினை. இன்றைக்குப் பெண் டாக்டர் இருக்கிறார், தியேட்டர் இருக்கிறது, சில ராத்திரிகளில் ஓ நெகட்டிவ் பாட்டில் இல்லை.

31/
எடுத்த இரத்தத்தைச் சாதாரணப் பையில் 35 நாள் வைக்கலாம். தட்டணுவை ஐந்தே நாள். அதற்கு மேல் கொட்டத்தான் வேண்டும். பூட்டி வைத்தால் கெட்டுப்போகிற பொருள். வனாந்தரத்தில் மறுநாளுக்கு எடுத்து வைத்த மன்னா புழுத்துப்போனதே, அந்த மாதிரி. இரத்தப் பையின் மேல் க்ரூப் எழுதியிருக்கும். சாதி எழுதியிருக்காது. தெருவுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற கிறிஸ்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

32/
இப்போ கணக்கு விஷயம். கேட்டாலே, "வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாது" என்று வாயை அடைப்பாங்க. அந்த வசனம் கொடுக்கிறவனுக்குச் சொன்னது, தம்பட்டம் அடிக்காதே என்று. வாங்கி வைத்திருக்கிறவனுக்குச் சொன்னது இல்லை. பெஞ்சு முதுகில் பெயர் எழுதும்போது இந்த வசனம் ஞாபகம் வராது. தணிக்கை கேட்டால் மட்டும் வரும்.

33/
பவுலைப் பாருங்க. எருசலேமில் கஷ்டப்படுகிறவர்களுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் வசூல் பண்ணினார். அவர் அப்போஸ்தலர். "என்னை நம்புங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லலை. 2 கொரிந்தியர் 8ஐ வாசிங்க. சபைகளே தேர்ந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்புகிறார். இவ்வளவு பெரிய தொகையில் யாரும் எங்களைக் குற்றம் சொல்ல இடம் வரக் கூடாது, கடவுள் முன்னால் மட்டும் இல்லை, மனுஷர் முன்னாலும் நேர்மை தெரியணும் என்று காரணமும் எழுதுகிறார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டது. உங்க செயலாளருக்குத் தேவையில்லையா?

34/
கேள்வி கேட்பவனை "ஆவிக்குரியவன் இல்லை" என்று ஓரங்கட்டுவது சுலபம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒவ்வொரு ஷிஃப்டிலும் மருந்தை எண்ணிக் கையெழுத்துப் போட்டுச் சாவியை அடுத்தவரிடம் கொடுக்கிறார். அவரை யாரும் திருடி என்று நினைக்கலை. எண்ணுவது வழக்கமாக இருந்தால் எண்ணுவதில் அவமானம் இல்லை.

35/
நியாயமா ஒன்று சொல்லணும். கிராமச் சபைகளில் சைக்கிளில் சுற்றுகிற உபதேசியார்களையும், சம்பளம் வராத மாதங்களைக் கடந்து ஊழியம் செய்கிற போதகர்களையும் எனக்குத் தெரியும். வார்டுக்கு வந்து கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசுகிற கன்னியாஸ்திரிகளையும் தெரியும். லேவியனுக்கும் பந்தியில் பங்கு உண்டு, அதை யாரும் பிடுங்கச் சொல்லலை. கணக்கு வெளியே வந்தால் முதலில் மரியாதை கிடைப்பது இவங்களுக்குத்தான். மறைத்து வைப்பதில் லாபம் வேறு யாருக்கோ.

36/
"மத்த மதத்துக்காரங்களைக் கேட்பீங்களா?" அவங்க வீட்டை அவங்க கேட்கட்டும். நான் பை நீட்டப்படுகிற வீட்டில் உட்கார்ந்து கேட்கிறேன். "இப்படிப் பொதுவெளியில் எழுதினால் வெளியார் என்ன நினைப்பாங்க?" வெளியார் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்காங்க. அந்தத் தோடு இல்லாத அம்மா படுத்திருந்த வார்டில் பாதிப் பேர் வெளியார்தான்.

37/
சரி, என்ன செய்யலாம்? பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கலை. நாலே நாலு.

ஒன்று: சபைக்கு வருகிற காணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஊர் வாசலுக்குள் நிற்கட்டும். உபாகமக் கணக்கு. நோயாளி, விதவை, படிக்கிற பிள்ளைக்கு. மதம் பார்க்காமல்.

ரெண்டு: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவை ஒரு தாளில் எழுதி ஆலயச் சுவரில் ஒட்டுங்க. எட்டாம் வகுப்புப் பிள்ளை படித்தால் புரியணும்.

38/
மூன்று: இரத்த வகை, போன் நம்பர், கடைசியாகக் கொடுத்த தேதி, இதை ஒரு நோட்டில் எழுதி வாலிபர் சங்கச் செயலாளரிடம் வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்தால் எடுக்கணும். கார் வைத்திருப்பவர்கள் பட்டியலும் அதே நோட்டில்.

நாலு: மருத்துவச் செலவைத் தள்ளிப்போட்டு யாராவது காணிக்கை கொண்டுவந்தால், ஜெபம் பண்ணி, அதைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. இதைப் பீடத்திலிருந்தே அறிவியுங்க. ஒரு போதகர் ஒரு முறை செய்தால் போதும், ஊர் முழுக்கப் பேசும்.

39/
கொடுக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கணக்கு காட்டலை என்பதை வைத்துக் கொடுப்பதையே நிறுத்துகிறவர்களைப் பார்க்கிறேன். அப்படி மிச்சப்பட்ட பணம் எங்கே போச்சு? மூன்றாவது பிளாட்டுக்கா? சபை ஒழுங்காக இல்லை என்பது நீங்க சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள அனுமதி இல்லை. சபை வழியாகக் கொடுக்க மனசில்லையா, முண்டியம்பாக்கத்தில் டயாலிசிஸுக்கு வருகிற ஒரே ஒரு குடும்பத்தின் பஸ் காசை ஏற்றுக்கொள்ளுங்க. மாதம் 1,600. யாரிடமும் சொல்ல வேண்டாம். வலது கை, இடது கை வசனம் இங்கேதான் பொருந்தும்.

40/
வருகிற ஞாயிறு பை உங்க முன்னால் வரும். போடுங்க, நல்லாவே போடுங்க. ஆராதனை முடிஞ்சதும் பொருளாளரிடம் போய் மரியாதையா ஒரே கேள்வி கேளுங்க: "ஐயா, போன மூணு மாசத்துல நம்ம சபைப் பணம் எத்தனை நோயாளிகளுக்குப் போச்சு?" பதிலை அடுத்த வாரம் சுவரில் ஒட்டச் சொல்லுங்க. ஒட்டினால் ஒரு படம் எடுத்து இந்த இழைக்குக் கீழே போடுங்க. ஒட்டலைன்னா அதற்கு அடுத்த ஞாயிறும் போய்க் கேளுங்க.